பச்சை பெயின்ட் செய்த வேலை: 6 வோல்ட் ஜீப்பும் நானும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் ஒன்றைப் பிரித்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து மறுபடி பூட்டினேன். காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்சை அழுத்தினால் என்ஜின் முனகியது, அவ்வளவுதான்.

பேட்டரி மேல் சந்தேகம். புதிது வாங்கிப் போட்டேன், பலனில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றியதும் வீண்தான். கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை சுவிட்சை மிதிக்கச் சொன்னேன். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மொத்தமே 6 வோல்ட், அதில் இவ்வளவு வழியிலேயே போனால் ஸ்டார்ட்டர் என்ன செய்யும்?

குற்றவாளி நான்தான். சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், எர்த் பட்டை (என்ஜினிலிருந்து மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் உலோகப் பட்டை) உட்காரும் இடத்திலும் அழகாகப் பச்சை பெயின்ட் அடித்து, மின்னோட்டத்தைத் தடுத்து வைத்திருந்தேன். என்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் நிற்பதால் அந்தப் பட்டைதான் ஒரே நல்ல பாதை. போதாததற்கு, முன்பு யாரோ 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருந்தார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும்.

தொடும் இடங்களைப் பளபளவென்று தேய்த்தேன், தடித்த கேபிள் போட்டேன், பூட்டியபின் மேலே கொஞ்சம் கிரீஸ். அப்புறம் அளந்தால் 0.2 வோல்ட். ஒரே மிதியில் கிளம்பியது.

பெயின்ட் சுரண்டியபோது ஒரு போல்ட் தலையில் ஃபோர்டின் 'எஃப்' முத்திரை தெரிந்தது. அசல் போல்ட்! அதை மட்டும் தேய்க்காமல் விட்டேன்.