கொழு தேய்ந்தால் குழாய் அடைக்கும்: டிராக்டர் விதைப்பானைப் பராமரிக்கும் முறை

கரிசலில் புரட்டாசிக் கடைசியில் விதைத்த உளுந்து முளைத்து வந்தபோது, ஏழு வரிசைக்கு ஒரு வரிசை வெறும் மண்ணாகக் கிடந்தது. அந்த வரிசைக்குரிய விதைக்குழாயைக் கழற்றிப் பார்த்தோம். அடிவாயில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மண் ஏறிச் செங்கல் போல இறுகியிருக்க, அதன் மேல் குழாயின் கழுத்து வரை உளுந்து நிறைந்து நின்றது. குச்சியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டினோம். அடுத்த வயலில் அதே குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அதன் பிறகுதான் குழாய்க்கு முன்னால் மண்ணைப் பிளந்து போகும் இரும்பு நுனியான கொழுவைக் கவனித்தோம். மற்றக் கொழுக்களைவிட அது ஏறத்தாழ இரண்டு விரற்கடை குட்டையாகத் தேய்ந்திருந்தது.

கொத்துக் கலப்பையின் (கல்டிவேட்டர்) மேல் விதைப்பெட்டி பொருத்திய விதைப்பானை வைத்திருப்பவர்களும், வாடகைக்கு எடுத்து விதைப்பவர்களும் கொழுத் தேய்மானத்தையும் குழாய் அடைப்பையும் இரண்டு தனித்தனிப் பழுதுகளாகப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் ஒரே பழுதின் இரு முகங்கள். கொழு மண்ணைப் பிளந்து இருபுறமும் ஒதுக்கும்போது, அதன் முதுகுப்புறத்தில் ஒரு கணம் வெற்றிடம் உண்டாகிறது. விதைக்குழாயின் வாய் அந்த வெற்றிடத்துக்குள் இருக்கும்வரை, மண் சரிந்து மூடுவதற்கு முன்பே விதை சாலின் அடியில் போய் விழுந்துவிடும். கொழுவின் நுனி தேயத் தேயச் சாலின் அடிமட்டம் குழாய்வாயை நெருங்கி வருகிறது. இரு பக்கமும் தேய்ந்து கொழுவின் அகலம் குறையும்போது, குழாய்க்கு முன்னால் இருந்த மறைப்பும் குறுகிவிடுகிறது. கடைசியில் குழாயே மண்ணை உழத் தொடங்கும். ஈரக் கரிசலாக இருந்தால் அப்படி உழும் குழாய் ஒரே சாலில் அடைத்துவிடும்.

ஆகையால் பருவத்துக்கு முன்பு செய்ய வேண்டிய முதல் வேலை அளப்பதுதான். கருவியைச் சமமான தரையில் நிறுத்தி, ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் சட்டத்தின் அடியில் உறுதியான கட்டைகளை முட்டுக் கொடுத்து, டிராக்டரை அணைத்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். கொழுவைத் தாங்கும் கால்தான் கொத்து; ஒவ்வொரு கொத்திலும் கொழு நுனிக்கும் குழாய்வாய்க்கும் உள்ள உயர இடைவெளியை அளந்து, சட்டத்தின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். புதுக்கொழு மாட்டும் நாளில் எடுத்த அளவையும் பெயின்டால் அங்கேயே எழுதி வைத்திருந்தால் தேய்மானம் கண்ணுக்கு நேராகத் தெரியும். புதிதில் 7 செ.மீ. இருந்த இடைவெளி 4 செ.மீ. ஆகிவிட்டால், நுனி இன்னும் கூராக இருந்தாலும் நான் கொழுவை மாற்றிவிடுவேன்.

எல்லாக் கொழுவும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. டிராக்டரின் பின் சக்கரங்கள் மிதித்து இறுக்கிய தடத்தில் ஓடும் கொத்துகளின் கொழுக்கள் முதலில் தேயும். சரளை கலந்த செம்மண் ஒரு பருவத்தில் தின்னும் இரும்பை, கல்லில்லாத கரிசல் பல பருவங்களில்கூடத் தின்னாது. மணலிலும் சரளையிலும் உள்ள குவார்ட்ஸ் (படிகக்கல்) துகள்கள் கொழு இரும்பைவிடக் கடினமானவை என்பதே அதற்குக் காரணம். இருமுனைக் கொழுவாக இருந்தால் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். ஒருமுனைக் கொழுவாக இருந்தால், சக்கரத் தடத்தில் உள்ளவற்றை ஓரத்துக்கும் ஓரத்தில் உள்ளவற்றைத் தடத்துக்கும் பருவத்தின் நடுவில் மாற்றிப் போடலாம். ஆனால் தேய்ந்த ஆறு கொழுக்களுக்கு நடுவே ஒரே ஒரு புதுக்கொழுவை மாட்டுவது சரியல்ல. அந்த ஒரு சால் மட்டும் ஆழமாக இறங்கும். அங்கே விழுந்த விதை மற்றவற்றுக்குப் பிந்தி முளைக்கும், மேலே மண் இறுகினால் முளைக்காமலே போகும். மாற்றினால் ஒரு செட்டாகவே மாற்றுங்கள்.

கொழு நுனியில் கடினப் பூச்சு வெல்டிங் வைத்து ஆயுளைக் கூட்டுவது நல்ல வழிதான். அதைக் கொழு புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பாதி தேய்ந்த பின் இரும்பை ஏற்றி வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றால், எந்த இரண்டு கொழுவும் ஒரே நீளத்தில் அமையாது. நுனியிலும் மண்ணை முதலில் சந்திக்கும் விளிம்பிலும் மெல்லிய ஒரு வரி போதும். தடித்துத் திரண்ட பூச்சு கொழுவை மழுக்கிவிடும். மழுங்கிய கொழு மண்ணைப் பிளப்பதற்குப் பதிலாக அமுக்கும், சாலும் கலங்கும். பட்டறையில் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும்: பதம் போட்ட கொழு முழுவதும் சிவக்கும் அளவுக்குச் சூடேறினால் பதம் இறங்கி, பூச்சுக்குப் பின்னால் உள்ள இரும்பு விரைவில் கரைந்துவிடும். ஆகவே இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக வைக்க வேண்டும்.

கொழுவை மாற்றும்போது போல்ட்டையும் பாருங்கள். தலை தேய்ந்த போல்ட் அடுத்த கல்லில் அறுந்துபோகும். கொழு விழுந்த கொத்து குழாயோடு சேர்ந்து மண்ணில் உரசிக்கொண்டே போவது டிராக்டர் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்பிரிங் வைத்த கொத்துகளில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று, ஒவ்வொரு கொத்தையும் கையால் பின்னுக்குத் தள்ளி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் எளிதாகப் பின்வாங்கினால், வேலை நேரத்தில் அது பின்னால் சாய்ந்தபடியே ஓடும். அப்போது கொழு மேலெழுந்து ஆழம் குறையும், குழாய்வாயின் கோணமும் மாறும். கொத்து ஆடும் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்து பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் வரிசை வளையும். பின்னால் களையெடுக்கும் கருவியை ஓட்டும்போதுதான் அந்த வளைவின் விலை தெரியவரும்.

இனிக் குழாய்க்கு வருகிறேன். வெயிலில் கிடந்து விறைத்துப்போன பிளாஸ்டிக் குழாய் வளையும் இடத்தில் மடங்கும். மடிப்பில் விதை தங்கி, பிறகு மொத்தமாகக் கொட்டும். ஒரு முழ இடைவெளி வெறுமையாகவும் அடுத்த இடத்தில் கொத்தாகவும் பயிர் முளைத்திருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்த மடிப்பைத்தான். நீளம் கூடிய குழாய் தொங்கி வயிறு போட்டுக்கொள்ளும். அந்தத் தாழ்வில் விதை தேங்கும். நீளம் குறைந்த குழாயோ கொத்து கல்லில் இடறிப் பின்வாங்கும்போது மேல்வாயிலிருந்து உருவிக்கொள்ளும். கொத்தை முழுமையாகப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையில் குழாய் இழுபடாமல் இருக்கும் அளவுக்கு வெட்டுவதே சரியான முறை. உள்ளே வழவழப்பாகவும், வெளியிலிருந்து விதை ஓடுவது தெரியும்படி ஒளி ஊடுருவுவதாகவும் உள்ள குழாயைத் தேர்ந்தெடுங்கள். உளுந்துக்கும் எள்ளுக்கும் தடையின்றி ஓடும் குழாய் நிலக்கடலைக்குப் போதாது.

மேலே பெட்டியிலிருந்து விதையை அளந்து விடும் அளவை உருளைகளிலும் தேய்மானம் உண்டு. பள்ளம் வெட்டிய உருளையின் விளிம்புகள் மழுங்கினால் அந்த வரிசைக்கு மட்டும் விதை மாறுபட்டு விழும். உரப்பெட்டியோடு சேர்ந்த கருவியாக இருந்தால் மாலையில் உரத்தை மிச்சம் வைக்காமல் எடுத்துவிட வேண்டும். யூரியா இரவின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகி உருளைகளைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் செயின் அறுவதற்கும் அதன் ஆணி (பின்) முறிவதற்கும் பல நேரங்களில் அதுவே காரணம். விதைநேர்த்தியிலும் கவனம் வேண்டும். அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து பூசிய விதையை நிழலில் அரை மணி நேரமாவது உலர்த்தி, உள்ளங்கையில் ஒட்டாமல் உதிரும் நிலை வந்த பிறகே பெட்டியில் கொட்ட வேண்டும். பூசணக்கொல்லி கலந்த விதையைக் கையுறை இல்லாமல் அளையாதீர்கள்.

வயலுக்குப் போகும் முன் முற்றத்தில் ஒரு சோதனை போட்டுவிடுங்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளியில் ஏழு வரிசை என்றால் விதைப்பு அகலம் 2.1 மீட்டர். தரையில் உருண்டு அளவை உருளைகளைச் சுழற்றும் ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 45 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 1.41 மீட்டர், 20 சுற்றுக்கு 28 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 59 சதுர மீட்டர் வரும். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து போட வேண்டுமானால், 4,047 சதுர மீட்டருக்கு 8,000 கிராம் என்ற கணக்கில் இந்தப் பரப்புக்கு 117 கிராம் விழ வேண்டும். அதாவது வரிசைக்கு 17 கிராம் அளவுக்கு. கருவியைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு குழாயின் அடிவாயிலும் ஒரு சிறு பையைக் கட்டி, சக்கரத்தைக் கையால் 20 முறை சுற்றி, ஒவ்வொரு பையையும் தனித்தனியே எடை போடுங்கள். மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு விடுவதில் பயனில்லை. ஆறு பையில் 18 கிராமும் ஒன்றில் 9 கிராமும் இருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகவே வரும். குறைந்த வரிசையின் குழாயை மட்டும் பக்கத்து வரிசைக்கு மாற்றிப் போட்டு மறுபடி சுற்றினால், குறை குழாயோடு நகர்கிறதா, அளவை உருளையிலேயே நிற்கிறதா என்பது தெளிவாகிவிடும்.

மீதி, ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. வண்டி நகரத் தொடங்கிய பிறகே கருவியை மெல்ல இறக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் கருவியின் முழு எடையும் குழாய்வாயை மண்ணுக்குள் அழுத்தும். கொழு மண்ணில் இருக்கும்போது ஒரு சாண்கூடப் பின்னுக்கு வரக் கூடாது. வந்தால், புதுக்கொழு மாட்டிய கருவியிலும் ஏழு குழாயும் ஒரே நொடியில் அடைத்துப்போகும். வரப்போரத்தில் திரும்பும்போது முழுவதும் தூக்கிய பிறகே திருப்ப வேண்டும். டிராக்டரையும் கருவியையும் மேல்புறத்தில் இணைக்கும் டாப் லிங்க்கைச் சரி செய்து, முன்வரிசைக் கொத்தும் பின்வரிசைக் கொத்தும் ஒரே ஆழத்தில் ஓடுகின்றனவா என்பதை முதல் சாலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் ஓட்டி நிறுத்தி, கருவியைத் தூக்கிவிட்டு, ஏழு சால்களையும் விரலால் கிளறி விதையைக் கண்டெடுக்க வேண்டும். ஒரு சாலில் 4 செ.மீ. ஆழத்திலும் மற்றொன்றில் மண்ணின் மேலேயும் விதை கிடந்தால், எவ்வளவு அவசரமானாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மழை ஈரம் காய்ந்துவிடுமே என்ற பதைப்பு எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அடைபட்ட குழாயோடு ஓட்டிய ஏக்கரைத் திரும்ப விதைக்க அந்த ஈரம் காத்திருக்காது.

விதைப்பு முடிந்ததும் பெட்டியையும் உருளைகளையும் தூரிகையால் துடைத்து, குழாய்களைக் கழற்றிக் கழுவி, மடக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். கொழுக்களில் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி வைத்தால் துரு ஏறாது. அடுத்த பருவத்தில் மண்ணும் ஒட்டாமல் வழுக்கும். கருவியிலேயே இருக்கும் குழாய் இணைப்புகளின் வாயில் துணியை உருட்டி அடைத்து விடுங்கள். இல்லையேல் குளவி மண்கூடு கட்டிவிடும். பெட்டியில் ஒரு கைப்பிடி விதை மிஞ்சியிருந்தாலும் எலி வந்து குழாயையும் கடித்துவிடும். எத்தனை துணி அடைத்தீர்கள் என்பதைப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். அடுத்த புரட்டாசியில் அத்தனையையும் எண்ணி எடுத்த பிறகே விதையைக் கொட்ட வேண்டும்.