பிளஸ் ஒன் குரூப்பும் மொழிப்பாடமும்: விண்ணப்பம் எழுதுமுன்

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் குரூப் எழுதவேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தக் கட்டத்தை முந்தின நாள் இரவே வீட்டில் தீர்மானித்துவிடலாம். ஒரு தாளில், படிக்க விரும்பும் மூன்று படிப்புகளை எழுதி, அவை கட்டாயமாகக் கேட்கும் பாடங்களை நேரெதிரே எழுதுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். நீட் தேர்வில் கணிதம் கிடையாது, உயிரியல் உண்டு. சி.ஏ. படிப்புக்கும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் எந்தக் குரூப் படித்தவரும் போகலாம். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தரைப்படைப் பிரிவும் அப்படியே. கடற்படையும் விமானப்படையும் மட்டும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் கேட்கும்.

மருத்துவமா பொறியியலா என்று முடிவுசெய்ய முடியாதவர்களை எல்லாரும் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கணக்கு இயல்பாக வருகிற பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீட் மட்டுமே குறி என்று உறுதியாக இருப்பவர், இரண்டு ஆண்டுகள் கணக்குக்குச் செலவிடும் நேரத்தை உயிரியலுக்குக் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

உங்கள் பலத்தை அளக்கும்போது, பத்தாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண்ணை அப்படியே நம்பவேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே நூறு மதிப்பெண்ணுக்குள் அடங்கியிருப்பதால், எதில் வாங்கினோம், எதில் விட்டோம் என்பது அதில் தெரியாது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எடுத்து, இயற்பியல் கணக்குகளில் வாங்கிய மதிப்பெண்களை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள்; 92 வாங்கிய மாணவர் ஒருவர் அப்படிக் கூட்டிப் பார்த்த அன்றே காமர்ஸ் பக்கம் திரும்பினார்.

இனி மொழிப்பாடம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்பதால், தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாமா என்ற கேள்வி பிளஸ் ஒன்னில்தான் எழுகிறது. பிரெஞ்சுப் பாடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதால் மதிப்பெண் எளிதாக வரும் என்பது உண்மையே. ஆனால் அந்த மதிப்பெண் எங்கே பயன்படுகிறது என்று பாருங்கள். பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொழிக்கு அதில் இடமே இல்லை. 600-க்கு எவ்வளவு என்று உறவினர்கள் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மொழியையே கற்கும் ஆசையிருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் பள்ளிப் பாடம் மட்டும் போதாது. பிரெஞ்சில் 97 வாங்கிய என் மாணவி ஒருத்தி, பின்னாளில் ஒரு மொழி மையத்தில் சேரப் போனபோது, தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேசச் சொன்னதற்கு இரண்டாவதிலேயே நின்றுவிட்டாள். வினைச்சொல் வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடமாக இருந்தும், முதல் நிலையான ஏ1-இலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி மையத்தில் டெல்ஃப் என்னும் பிரெஞ்சுத் திறன் தேர்வு, மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன், ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஆகியவை தனி வழிகள். இவற்றுக்காகப் பள்ளியில் தமிழை விடவேண்டிய அவசியமில்லை.

அரசு வேலை எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2021 அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தாகவேண்டும். அதன் தரம் பத்தாம் வகுப்புதான் என்றாலும், பதினைந்து வயதில் தமிழ்ப் புத்தகத்தை மூடியவர் இருபத்தைந்தில் திறக்கும்போது திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்த குரூப் ஒத்துவரவில்லை என்று தோன்றினால், வகுப்பு தொடங்கிய முதல் சில நாட்களிலேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இடமிருந்தால் அப்போது மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து போய் நின்றால், புதிய பாடங்களில் மூன்று மாதப் பாடத்தைத் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.