காது மந்தமாகும்போது ஸ்டீராய்டு: உட்செவித் தன்னெதிர்ப்பு நோயில் நேரும் தவறுகள்

ஒரு காது மந்தமாகிறது. சில வாரங்களில் மற்றதும் அதே வழியில் போகிறது. சத்தம் கேட்கிறது, சொல் பிரிந்து புரியவில்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். சளி, அழுக்கு, வயசு என்று ஏதாவது காரணம் சொல்லி நாட்களைக் கடத்துகிறோம். இந்த நோயில் நடக்கும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உட்செவியைத் தாக்குவதுதான் இந்த நோய். 1979-ல் பிரையன் மெக்கேப் என்ற அமெரிக்க மருத்துவர் 18 நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு இதைத் தனி நோயாக விவரித்தார். நரம்பு சார்ந்த செவிட்டுத்தன்மையில் மருந்தால் மீட்கக்கூடியவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றில் இது ஒன்று. ஆனால் ஒலியை உணரும் உட்செவியின் முடிச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அழற்சி இருக்கும்போதே மருந்து போய்ச் சேர வேண்டும். கேள்வித்திறன் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ சரிந்தால் அது அவசரம்தான்.

அடுத்தது, ரத்தப் பரிசோதனையில் பதில் தேடிக் காத்திருப்பது. இந்த நோயை உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. எல்லாம் 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இருக்கலாம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துக்குக் காது எப்படிப் பதில் சொல்கிறது என்பதே பெரும்பாலும் நோயறியும் வழியாக இருக்கிறது. அதற்காகப் பரிசோதனைகளே வேண்டாம் என்றில்லை. கேள்வி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். பால்வினை நோயான சிபிலிஸுக்கான பரிசோதனையும் தேவை. அந்தக் கிருமியால் வரும் செவிட்டுத்தன்மையும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாக இளகிக்கொடுத்து எல்லோரையும் ஏமாற்றும். காசநோய், ஹெபடைடிஸ் பி இரண்டும் உடலுக்குள் உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்துகள் தட்டி எழுப்பிவிடும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்வார்கள். கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள். கண் சிவந்து வலித்திருந்தால், மூட்டு வீங்கியிருந்தால், வாய்ப்புண் அடிக்கடி வந்தால், அதையும் காது டாக்டரிடம் சொல்லுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தாக்கும் கோகன் நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது.

ஸ்டீராய்டை நாலைந்து நாள் சிறிய அளவில் எடுத்துப் பார்த்து, 'எனக்கு மருந்து பலிக்கவில்லை' என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. வழக்கமான சோதனைச் சிகிச்சை, பெரியவர்களுக்குத் தினமும் ஏறக்குறைய 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, சுமார் நான்கு வாரம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடையைப் பொறுத்து டாக்டர் மாற்றுவார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதல் மாத்திரைக்கு முன் கேள்வித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்காவிட்டால், பின்னால் எதோடு ஒப்பிடுவது? ஸ்டீராய்டு மனதுக்கு ஓர் உற்சாகம் கொடுக்கும். காதுக்குள் கேட்கும் இரைச்சல் குறைந்தது போலவும், நன்றாகக் கேட்பது போலவும் தோன்றும். நேர்மாறாக, இரைச்சல் அப்படியே இருப்பதால் சோர்ந்து போனவருக்கு அளந்து பார்த்தால் கேள்வித்திறன் கூடியிருக்கலாம். ஒரு அதிர்வெண்ணில் 15 டெசிபலோ, அடுத்தடுத்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் 10 டெசிபலோ தேறினால், அல்லது சொற்களை அடையாளம் காணும் திறன் தெளிவாகக் கூடினால்தான் முன்னேற்றம் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. மருந்தைத் தொடரவும் நிறுத்தவும் இந்த அளவையே நம்புங்கள். எல்லா ஆடியோகிராம்களையும் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் வையுங்கள்.

பலன் தெரிந்ததும் மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு வரலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குறைக்கும்போது காது மறுபடி மங்கினால், மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம்; அன்றே சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேட்பது போய்விடுமோ என்ற பயத்தில் வருடக்கணக்கில் ஸ்டீராய்டைப் பிடித்துக்கொண்டிருப்பது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடக்கத்தில் பலருக்குக் கிடைக்கும் பலன் காலப்போக்கில் தேய்வது இந்த நோயின் இயல்பு. ஸ்டீராய்டால் வரும் எலும்புத் தேய்வு, கண்புரை, சர்க்கரை ஆகியவையோ தேயாமல் சேர்ந்துகொண்டே போகும். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்தால், ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நொறுங்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

ஸ்டீராய்டுக்குப் பதிலாக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் என்பதும் தானாக நடக்கும் அடுத்த படி அல்ல. 2003-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டால் தேறிய 67 பேரில், அந்த முன்னேற்றத்தைத் தக்கவைப்பதில் மெத்தோட்ரெக்சேட் போலி மாத்திரையைவிட மேலானதாக இல்லை. உடலின் வேறு பகுதியிலும் தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. எனவே 'எனக்கு இது ஏன்?' என்று கேட்பது உங்கள் உரிமை.

மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டிலிருக்கும் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். சிறுநீர்த் தொற்றுக்காக வேறு டாக்டரிடம் போனால் இதை எடுப்பதை முதலில் சொல்லுங்கள். அந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற மருந்தோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கலாம். குழந்தை பெறும் திட்டம் இருந்தால், மருந்து தொடங்கும் முன்பே பேச வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் எந்த மருந்திலும் காய்ச்சலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். தொற்று பெரிதாக இருக்கும், அறிகுறி சிறிதாகத் தெரியும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளும் அப்போது கூடாது.

ஸ்டீராய்டுக்கு மசியாதவர்களிடம் அழற்சியைத் தடுக்கும் அனகின்ரா ஊசியைச் சோதித்த ஓர் ஆய்வில் 10 பேரில் 7 பேர் தேறினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத மிகச் சிறிய ஆய்வு.

கடைசியாக, மருந்து வேலை செய்யும் வரை பார்ப்போம் என்று காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். கேள்வித்திறன் முழுதாகப் போனவர்களுக்கு, உட்செவிக்குள் மின்முனை பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. ஆனால் சிலருக்கு அழற்சியின் விளைவாக உட்செவியின் சுருள்பகுதியான காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடும். பிறகு மின்முனையை உள்ளே செலுத்துவது கடினம். இரண்டு காதும் கைவிட்ட நிலையில் இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போதே இம்ப்ளான்ட் பற்றிக் கேட்டுவிடுங்கள்.