மருந்தாளுநர் ஆராய்ச்சியில் இறங்க: கவுன்டரில் இருந்தே தொடங்கலாம்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பவர்கள் பலர், ஆராய்ச்சி என்றாலே அது டாக்டர்களுக்கும் காலேஜ்காரர்களுக்கும் உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம். "இந்த மாத்திரை போட்டதிலிருந்து உடம்பெல்லாம் அரிக்குது" என்று நோயாளி பல நேரம் முதலில் வந்து சொல்வது நம்மிடம்தானே?

நேரமில்லை என்பது உண்மைதான், காலையில் ஓபி வரிசை வாசல் வரை நிற்கும்போது யாரும் குறிப்பெழுத முடியாது. அதனால் கேள்வியைச் சின்னதாக வையுங்கள். 'ஆன்டிபயாடிக் தவறான பயன்பாடு' என்று எடுத்தால் கரையேற முடியாது. எங்கள் ஓபி சீட்டுகளில் எத்தனையில் ஆன்டிபயாடிக் இருக்கிறது, அதில் அசித்ரோமைசின், செஃபிக்சிம் மாதிரி உலக சுகாதார நிறுவனம் 'வாட்ச்' பிரிவில் (கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெறும் ஆபத்து அதிகம் என்பதால் கவனமாகத் தர வேண்டியவை) வைத்திருப்பவை எத்தனை என்று மட்டும் கேளுங்கள். ஒரே மருத்துவமனையைப் பார்க்க குறைந்தது 100 சீட்டுகள் வேண்டும் என்பது அந்த நிறுவனமே 1993-இல் சொன்ன அளவு. தினம் ஐந்து சீட்டு எழுதினாலும் 20 நாளில் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு சீட்டைக்கூட எடுப்பதற்கு முன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு (ஆராய்ச்சியால் நோயாளிக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் குழு) தரும் அனுமதியை வாங்கிவிடுங்கள். தகவலைத் திரட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்டால் அத்தனை உழைப்பும் வீண். நோயாளியின் பெயர், நம்பர் எதுவும் எடுக்கப்போவதில்லை என்றால் அதை விண்ணப்பத்திலேயே எழுதி, நோயாளியிடம் ஒப்புதல் படிவம் வாங்குவதிலிருந்து விலக்கு கேட்கலாம். உங்கள் மருத்துவமனையில் குழுவே இல்லையா? ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேறு நிறுவனத்தின் குழுவிடம் போக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. பக்கத்து மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை என்பவர்கள் பக்கவிளைவு அறிக்கையில் கை பழகலாம். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருந்தாளுநரே நேரடியாக அனுப்பலாம், காசியாபாத்தில் இருக்கும், மருந்துகளின் தர அளவுகளை வகுக்கும் இந்திய பார்மகோபியா கமிஷன்தான் அதை நடத்துகிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். அறிக்கை அனுப்புவது பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். எந்த மருந்து, எப்போது ஆரம்பித்தது, என்ன ஆனது, நிறுத்தியதும் சரியானதா என்று தேதியோடு எழுதிப் பழகினால் ஆராய்ச்சிக் குறிப்பு தானாகக் கைக்கு வரும்.

டாக்டரோடு சேர்ந்து செய்தால், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை எண்ணிக் கொடுத்தால் மட்டும் ஆசிரியராக முடியாது, கேள்வியை அமைப்பதிலும் எழுதுவதிலும் உங்கள் பங்கு இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.