கரண்ட் போனாலும் போன் அணையாமல் இருக்க: மடக்கும் சோலார் பேனலைப் பயன்படுத்துவது எப்படி?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் எல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடப் பலருக்கு வழியில்லை.

புயல் போன ஓரிரு நாளில் பெரும்பாலும் வெயில் வந்துவிடும். கரண்ட்தான் வராது. அந்த வெயிலைப் பிடித்துப் போனுக்கு ஏற்றுவதற்குப் பெரிய சோலார் அமைப்பு எதுவும் தேவையில்லை. நாலாக மடித்தால் ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு வரும் பேனலும் ஒரு பவர் பேங்க்கும் போதும். இதுவரை சோலாரைத் தொட்டே பார்க்காதவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

கடையில் 'சோலார் சார்ஜர்' என்று கேட்டால் இரண்டு விதமான சாமான்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று, பவர் பேங்க்கின் முதுகிலேயே சின்னதாக ஒரு பேனல் ஒட்டியிருக்கும். இன்னொன்று, துணியில் தைத்த மடக்குப் பேனல். அதில் பேட்டரி இருக்காது, யூஎஸ்பி துளை மட்டும் இருக்கும்.

முதல் வகையை வாங்காதீர்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே சுமார் 74 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும் (20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி; அதை உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் வரும் எண். ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). உள்ளங்கை அளவுப் பேனல் நல்ல வெயிலில் ஒரு வாட், மிஞ்சினால் ஒன்றரை வாட் தரும். நாளுக்கு ஐந்து மணி நேரம் கெட்டியான வெயில் கிடைத்தாலும், காலியாக இருக்கும் பவர் பேங்க் நிரம்ப இரண்டு வாரம் வரை ஆகும். அத்தனை நாளும் லித்தியம் பேட்டரி வெயிலில் வேகும். அது பேட்டரிக்கும் கேடு, வீட்டுக்கும் ஆபத்து.

இரண்டாவது வகையில் 20 வாட் முதல் 30 வாட் வரை உள்ள பேனலைப் பாருங்கள். ஒரு வீட்டின் போன்கள், ஒரு டார்ச், ஒரு சின்ன ரேடியோ, இவற்றுக்கு அது தாராளம். 10 வாட்டுக்குக் கீழே போனால் மேகம் லேசாக மறைத்தாலே சார்ஜ் நின்றுவிடும்.

பவர் பேங்க்கைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 10,000 எம்ஏஎச் போதும். பின்பக்கத்தில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) குறியும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடிக்கலாம், பேட்டரியில் மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

படி 2: எவ்வளவு கிடைக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பேனலில் '20 வாட்' என்று போட்டிருப்பது ஆய்வுக்கூட அளவு. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, பேனலின் சூடு 25 டிகிரி என்ற நிலையில் எடுத்தது. நம் மொட்டை மாடியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? சிலிக்கான் பேனல் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறனை இழக்கும். மே மாத உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டினால் இந்த வகையில் மட்டும் 14 சதவீதம் போய்விடும். அதனால் 20 வாட் பேனலில் 12 முதல் 14 வாட் வந்தால் பேனல் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று: பல பேனல்களில் ஒரு யூஎஸ்பி துளை 5 வோல்ட்டில் அதிகபட்சம் 2.4 ஆம்பியர்தான் தரும். அதாவது 12 வாட். பேனல் 28 வாட்டாக இருந்தாலும் ஒரே துளையில் அவ்வளவும் வராது.

12 வாட் கிடைத்தால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் (37 வாட்-மணி) நிரம்ப, வீணாவதையும் சேர்த்து நாலு மணி நேரம் பிடிக்கும். அந்த நிறைந்த பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை ஒரு தடவை முழுசாகவும், இன்னொரு தடவை அரைக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஏற்றும். 10,000 இருந்தால் இரண்டு தடவை வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வோல்ட்டை மாற்றும்போதும் சூடாகவும் கொஞ்சம் போய்விடும். பவர் பேங்க்கில் கோளாறு ஒன்றும் இல்லை.

படி 3: பேனலை எங்கே, எப்படி வைப்பது

ஒரே பேனலில் ஒருவருக்கு நாலு வாட்டும் இன்னொருவருக்குப் பதின்மூன்று வாட்டும் வருவது இந்த ஒரு விஷயத்தால்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நிழல். பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் சில்லுகளை (செல்) ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒரு சில்லின்மேல் நிழல் விழுந்தால் அந்தக் கோவை முழுக்க மின்சாரம் படுத்துவிடும். கொடிக்கயிற்றின் நிழல், கைப்பிடிச் சுவரின் ஓரம், தென்னை ஓலை, இவை எதுவும் பேனலைத் தொடக் கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதும் வேண்டாம். கண்ணாடியே ஒரு பங்கை விழுங்கிவிடும்.

அடுத்து, கோணம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு பேனா போதும். பேனலின்மேல் பேனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் ஒரு பக்கமாக நீளும். நிழல் குறுகிக்கொண்டே வந்து பேனாவின் அடியில் ஒளிந்துகொள்ளும் வரை பேனலைச் சாய்த்துக்கொண்டே போங்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது பேனல் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது.

சித்திரையில் உச்சி நேரத்துச் சூரியன் தமிழ்நாட்டில் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நிற்கும், தரையில் படுக்க வைத்தாலே போதும். ஆனால் புயல் காலமான ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்திருக்கும். அப்போது பேனலைத் தெற்குப் பார்த்து 30 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து வைக்க வேண்டும். காலையில் கிழக்குப் பக்கம், மதியம் தெற்கு, சாயங்காலம் மேற்கு என்று இரண்டு மூன்று தடவை திருப்பி வைத்தால் நாள் முழுக்கக் கிடைப்பது நன்றாகவே கூடும்.

அப்புறம் சூடு. கொதிக்கும் சிமெண்ட் தளத்தில் நேராக விரிக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலிலோ நாற்காலியின் முதுகிலோ கட்டினால் பின்னால் காற்று ஓடும். நாலு மூலையிலும் துளை இருக்கும், அதில் கயிறு கோத்துக் கட்டிவிடுங்கள். புயலுக்குப் பிறகும் காற்று இரண்டு நாள் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

படி 4: இணைப்பது

பேனலை முதலில் வெயிலில் விரித்து நிறுத்துங்கள். பிறகு கேபிளைப் பேனலில் செருகி, மறுமுனையைப் பவர் பேங்க்கில் செருகுங்கள். குட்டையான, தடித்த கேபிளாக இருக்கட்டும். நீளமான மெல்லிய கேபிளில் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும்.

பல பேனல்களின் பின்னால் ஜிப் வைத்த பை ஒன்று தைத்திருப்பார்கள், பவர் பேங்க்கை அதற்குள் போட்டுக்கொள்ளலாம் என்று. நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அந்தப் பை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பவர் பேங்க்கைப் பேனலுக்குப் பின்னால் தரையில் நிழலில் வையுங்கள், அல்லது படிக்கட்டுக்குள் இழுத்து வையுங்கள். தொட்டுப் பார்த்தால் கை பொறுக்க வேண்டும். பொறுக்கவில்லை என்றால் பிடுங்கி ஆறவிடுங்கள்.

முடிந்தால் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சில நூறு ரூபாய் விலை. பேனலுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும். இரண்டையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். பேனலைச் சாய்க்கச் சாய்க்க எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மேலே சொன்ன கோணக் கணக்கு எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

படி 5: போனை நேராகப் பேனலில் செருகலாமா?

அவசரத்துக்குச் செருகலாம். வழக்கமாக வேண்டாம். மேகம் வந்து போகும்போதெல்லாம் சார்ஜ் நின்று நின்று ஏறும். ஒவ்வொரு தடவையும் போனின் திரை எரியும், ஏறியதில் கொஞ்சம் அதற்கே செலவாகும். சில போன்கள் மேகம் மூடியபோது குறைந்த மின்சாரத்துக்கு இறங்கி, வெயில் திரும்பிய பிறகும் அதே அளவிலேயே நின்றுவிடும். அப்போது கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் சரியாகிவிடும். பவர் பேங்க்கிலும் இப்படி நடக்கும் என்பதால், மேகமூட்டமான நாளில் அவ்வப்போது போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். வானம் முழுக்க மூடியிருந்தால் வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வருவதே பெரிது.

பகலில் வெயில் பவர் பேங்க்குக்கு, இரவில் பவர் பேங்க் போனுக்கு. இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இரவில்

முதலில் யாருடைய போன் என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாப் போனையும் கால்வாசி ஏற்றுவதைவிட ஒன்றை முழுசாக ஏற்றுவது நல்லது. பட்டன் போன் வீட்டில் இருந்தால் சிம்மை அதற்கு மாற்றிவிடுங்கள். ஒரு ஸ்மார்ட்போனுக்கு ஆகும் சார்ஜில் அது பல தடவை நிரம்பும். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். பேசாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள்.

சின்ன டார்ச், கைக்கடிகாரம், காது கேட்கும் கருவியின் சார்ஜிங் பெட்டி போன்றவற்றைச் செருகினால் பவர் பேங்க் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடலாம். அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் எதுவும் செருகவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். சில பவர் பேங்க்குகளில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கான நிலைக்கு மாறும். அந்த வசதி இல்லையென்றால் போன் ஏறும் நேரத்திலேயே இவற்றை இன்னொரு துளையில் சேர்த்துச் செருகிவிடுங்கள். பெரியவர்களின் காது கேட்கும் கருவியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இருட்டில் காதும் கேட்காமல் போனால் அவர்கள் பயந்துவிடுவார்கள்.

படி 7: பயன்படுத்தாத மாதங்களில் பார்த்துக்கொள்வது

பேனலை ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்து, காயவைத்து மடியுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புப் படிவதைக் கட்டாயம் துடைக்க வேண்டும். சாரல் பட்டாலும் பேனலின் துணி தாங்கிவிடும், யூஎஸ்பி துளை இருக்கும் பெட்டி தாங்காது. மழை வருகிறது என்றால் எடுத்து உள்ளே வையுங்கள்.

பவர் பேங்க்கைக் காலியாகப் போட்டு வைத்தால் கெட்டுவிடும். பாதிக்கு மேல் ஏற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் விரித்து, மேலே சொன்னதை எல்லாம் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் காட்டுங்கள், புயல் வரும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்ததும், கரண்ட் இருக்கும்போதே பவர் பேங்க்கையும் எல்லாப் போன்களையும் நிரப்பி, பேனல், கேபிள், மீட்டர் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.