திருகோணமலையில் யார் எங்கே தங்கலாம்: என் அனுபவம்

போன ஆடியில் அக்கா குடும்பம் லண்டனிலிருந்து வந்திருந்தது. கடலோடு இருக்கட்டும் என்று எல்லோருக்கும் நிலாவெளியில் ரூம் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், புறாமலைத் தீவுக்குப் படகும் அங்கிருந்தே போகிறது. அம்மாவுக்குத்தான் சரிவரவில்லை. பிரட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலின் காலைப் பூசைக்கு இருட்டோடு குளித்து, அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்தபடி வாசலில் காத்திருந்தார். ஓட்டோ பிந்தி வந்து, டவுனைத் தாண்டிக் கோட்டை வாசலுக்குப் போகையில் பூசை முடிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டில் வாடிக்கிடந்த செவ்வரத்தம்பூவை விரலால் நிமிர்த்திவிட்டார். எனக்கு மனம் தாங்கவில்லை.

அன்றே இரண்டாகப் பிரிந்தோம். பிள்ளைகள் நிலாவெளியிலேயே இருக்க, நானும் அம்மாவும் டவுனில் டச்சு பே கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டு அறைக்கு மாறினோம். பத்திரகாளி அம்மன் கோயிலும் பஸ் நிலையமும் பக்கம்.

தனியாக வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது உப்புவெளி. டவுனுக்கும் நிலாவெளிக்கும் இடையில் இருப்பதால் இரண்டு பக்கமும் சுகமாகப் போய்வரலாம். மார்கழியில் வந்தால் கடல் கொந்தளிக்கும், அப்போது டவுன்தான் நல்லது.

மறுநாள் அம்மா பிரட்ரிக் கோட்டைக்குள் நடந்தே ஏறினார். வழியில் மான்களைப் பார்த்து நின்றுவிட்டு, பூசை மணி கேட்டதும் என் கையை விட்டுவிட்டு முன்னால் போனார்.