ரேஞ்ச்ஃபைண்டர் கமராவைப் பழகுதலும் பாதுகாத்தலும்: வன்னியில் இருந்து ஒரு செய்முறை விளக்கம்

வெளிநாட்டில் இருக்கும் மாமா விடுமுறைக்கு வந்து திரும்பும்போது, தான் இனிப் பயன்படுத்தப்போவதில்லை என்று சொல்லி, ஒரு லெய்கா எம்10 கமராவை மருமகனின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாளே அந்த மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியில் உள்ள என்னுடைய ஸ்ரூடியோவுக்கு வந்து, "அண்ணை, இதில ஓட்டோ ஃபோகஸ் எங்க இருக்கு?" என்று கேட்கிறார். அது இந்தக் கமராவில் இல்லை என்று நான் சொன்னதும் அவருடைய முகம் வாடிவிடுகிறது. இவ்வாறு வந்த மூன்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை, இனி வரக்கூடியவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எம்10 கமராவையே உதாரணமாகக் கொள்கிறேன். எம் வரிசையின் ஏனைய டிஜிட்டல் கமராக்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இது என்ன வகைக் கமரா

லெய்கா நிறுவனம் தனது முதலாவது கமராவை 1925 இல் ஜேர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் வெளியிட்டது. இன்றைய எம் வரிசையின் முன்னோடியான எம்3 வந்தது 1954 இல். அந்த எம்3 இல் பூட்டிய லென்ஸை இன்றைய டிஜிட்டல் எம் கமராவிலும் பூட்டலாம் என்பதே இந்த வரிசையின் பெரிய சிறப்பு. 2006 இல் எம்8, 2009 இல் முழுச்சட்ட சென்சர் (35 மில்லிமீற்றர் ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள ஒளியுணரி) கொண்ட எம்9, 2017 இல் 24 மெகாபிக்சல் எம்10, 2022 இல் 60 மெகாபிக்சல் எம்11 என்று டிஜிட்டல் கமராக்கள் வந்தன. பழைய எம்9 ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணுபவர்கள், அதன் சென்சருக்கு மேலுள்ள கண்ணாடி ஈரப்பதனால் அரிக்கப்படும் குறை அந்த மாதிரியில் பரவலாக அறியப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு, சென்சர் மாற்றப்பட்டதா என்று கேட்ட பின்னரே காசு கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் நம்முடைய வீடுகளில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது.

சாதாரண கமராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியையே நாம் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியல்ல. கமராவின் முன்புறத்தில் ஏறத்தாழ 69 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. நமது இரு கண்களுக்கிடையிலான தூரத்தைவிட இது சற்றே அதிகம். ஒன்றின் வழியாக முழுக் காட்சியும், மற்றையதன் வழியாக அதே காட்சியின் நடுப்பகுதியும் வந்து, வியூஃபைண்டரின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரத்தின்) மத்தியில் ஒரு சிறிய சதுரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. லென்ஸின் வளையத்தைத் திருப்பும்போது இரட்டையாகத் தெரியும் உருவம் நகர்ந்து ஒன்றாகச் சேர்ந்தால், தூரம் சரியாக அளக்கப்பட்டு விட்டது என்று பொருள். ஆகவே இந்தக் கமரா முதலில் ஒரு தூரமானி. தூரத்தை மதிக்கப் பழகியவருக்கு மட்டுமே இது வேகமாக வேலை செய்யும்.

முதலாவது பயிற்சி: கமரா இல்லாமல் தூரம் பழகுதல்

முதல் வாரத்தில் கமராவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பெரும்பாலான எம் லென்ஸ்களால் மிகக் கிட்டக் குவிக்கக்கூடிய தூரம் 0.7 மீற்றர், அது ஏறத்தாழ ஒன்றரை முழம். ஒருவர் இரு கைகளையும் விரித்து நிற்கும் அளவான ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர். முல்லைத்தீவுக் கடற்கரையில் கயிற்றைப் பாகத்தால் அளந்து பழகிய பெரியவர்களுக்கு இந்த அளவு கண்ணிலேயே இருக்கும். நாம்தான் அதை மீண்டும் பழக வேண்டும். முற்றத்தில் நின்று கிணற்றுக்கட்டு எத்தனை பாகம், படலை எத்தனை பாகம் என்று முதலில் மதித்து, பிறகு அளவு நாடாவால் அளந்து பாருங்கள். ஒரு வாரத்தில் பிழை அரைப் பாகத்துக்குள் வந்துவிடும்.

இதன் பயன் உடனே தெரியும். 35 மில்லிமீற்றர் லென்ஸில் அபேர்ச்சரை (ஒளி புகும் துவாரம்; எஃப் எண் கூடினால் அது சிறுக்கும்) எஃப் 8 இல் வைத்து, தூர வளையத்தை 3 மீற்றரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.9 மீற்றரிலிருந்து 7 மீற்றர் வரைக்கும் உள்ளவை போதிய தெளிவுடன் வரும். அதாவது ஒரு பாகத்துக்குச் சற்றுக் கூடவிலிருந்து நான்கு பாகம் வரையில், வியூஃபைண்டரில் உருவத்தைச் சேர்த்துக்கொண்டிருக்காமலே படம் எடுக்கலாம். சூடு மிதிக்கும் களத்திலோ, சந்தையிலோ ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, எந்த ஓட்டோ ஃபோகஸையும்விட இதுவே எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. 60 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள், எஃப் 11 வரைக்கும் மூடுவது நல்லது.

இரண்டாவது: பற்றரி, கார்ட், லென்ஸ்

எம்10 இன் பற்றரியும் மெமரி கார்டும் அடித்தட்டுக்குள் இருக்கின்றன. அடித்தட்டின் சிறிய பிடியைத் தூக்கித் திருப்பினால் தட்டு முழுவதும் கழன்று கையில் வரும். அதை வாயால் கவ்விக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எச்சிலும் புழுதியும் உள்ளே போகும் வழி அது என்பதால், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்11 இல் இந்தத் தட்டு இல்லை; பற்றரி நேரடியாகக் கீழிருந்து வெளியே வரும்.

லென்ஸ் மாற்றும் முறையை மெதுவாகவும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒழுங்கிலும் செய்யுங்கள். முதலில் கமராவை நிறுத்த வேண்டும். எம்11 இல் இது கட்டாயம், ஏனெனில் அது சென்சரைக் கொண்டே ஒளியை அளப்பதால், இயங்கும்போது ஷட்டர் (சென்சருக்கு முன்னுள்ள திரை) திறந்தே இருக்கும், நிறுத்தினால்தான் மூடிக்கொள்ளும். பின்னர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கமராவின் வாய் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து, முன்பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியபடி லென்ஸைத் திருப்பிக் கழற்றுங்கள். புதிய லென்ஸில் உள்ள சிவப்புப் புள்ளியை அதே பொத்தானுக்கு நேரே வைத்துப் பொருத்தி, கிளிக் என்ற ஓசை கேட்கும் வரைக்கும் திருப்ப வேண்டும். கமராவின் வாய்க்குள் மேற்பக்கத்தில் ஒரு சிறிய உருளை தெரியும். லென்ஸின் அசைவைத் தூரமானிக்குக் கடத்தும் உறுப்பு அதுதான். அதை விரலால் தொடவோ, லென்ஸின் ஓரத்தால் இடிக்கவோ கூடாது.

லென்ஸைப் பூட்டியதும் வியூஃபைண்டரில், படத்தில் வரும் பகுதியைக் காட்டும் ஒளிரும் சட்டங்கள் தாமாகவே மாறும். அவை லென்ஸின் மில்லிமீற்றர் அளவுப்படி சோடியாக வரும்: 35 உடன் 135, 50 உடன் 75, 28 உடன் 90. சட்டத்துக்கு வெளியேயும் காட்சி தெரிவதால், ஒருவர் சட்டத்துக்குள் நடந்து வருவதற்கு முன்னரே அவரைக் கண்டுகொள்ளலாம். இந்த வசதிக்குப் பழகிய எனக்கு மற்றக் கமராக்களில் பார்ப்பது குழாய்க்குள் பார்ப்பதைப் போல் இருக்கிறது.

மூன்றாவது: உருவங்களைச் சேர்த்தல்

தூரமானிக்கு நிமிர்ந்து நிற்கும் கோடு வேண்டும். வன்னியில் அதற்குக் குறைவில்லை. பனையின் தண்டைச் சதுரத்தின் நடுவில் வைத்தால் இரண்டு தண்டுகளும் ஒன்றாவது தெளிவாகத் தெரியும். மாறாக, இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டையோ நீர்க்கோட்டையோ வைத்துக் குவிக்க முயன்றால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் இரண்டாவது உருவம் பக்கவாட்டில்தான் நகர்கிறது. அப்போது கமராவை நிமிர்த்திப் பிடித்துக் குவித்துவிட்டுப் பழையபடி திருப்புங்கள். கிடுகு வேலி இன்னொரு பொறி. ஒரே மாதிரியான வரிகள் அடுத்தடுத்து இருப்பதால், ஒரு வரி பக்கத்து வரியோடு சேர்ந்து, சரியாகக் குவிந்ததைப் போலத் தோன்றும். வேலியின் கதிகாலைப் பார்த்தே குவிக்க வேண்டும். ஆளைப் படமெடுக்கும்போது கண்ணின் ஓரமோ, மூக்குக்கண்ணாடியின் விளிம்போ போதும்.

நடுச்சதுரம் திடீரென்று மறைந்துபோனால் பழுது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உங்களுடைய விரல் சின்னச் சாளரத்தை மறைத்திருக்கும். அதேபோல லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி அழகாகத்தான் தெரியும்; படம் மட்டும் கறுப்பாக வரும்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னோக்கி நடக்காதீர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கின்ற காணிகள் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் பழகிய பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது.

நான்காவது: ஒளி

எம்10 இன் இடது மேற்புறத்தில் உள்ள ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) வளையத்தைச் சற்று மேலே தூக்கினால்தான் திருப்ப முடியும். தொடக்கத்தில் ஐஎஸ்ஓவை 200 இல் வைத்து, ஷட்டர் வளையத்தை ஏ என்ற எழுத்தில் நிறுத்துங்கள். அபேர்ச்சரை நீங்கள் தெரிவு செய்ய, கமரா வேகத்தைத் தெரிவு செய்யும். ஒளியளவி நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் கொடுத்து அளப்பதால், வானம் அதிகம் அகப்பட்டால் ஆட்களின் முகம் கறுத்துவிடும். கமராவைச் சற்றுக் கீழே தாழ்த்தி, பொத்தானைப் பாதி அழுத்தி, அந்த அளவை அப்படியே பிடித்துக்கொண்டு பிறகு காட்சியை அமைக்க வேண்டும்.

ஏ நிலையை விட்டு நீங்களே வேகத்தை வைக்கும்போது, வியூஃபைண்டரின் கீழே சிவப்புக் குறிகள் தோன்றும். இடது முக்கோணம் ஒளி குறைவு என்றும், வலது முக்கோணம் ஒளி அதிகம் என்றும், நடுவட்டம் சரி என்றும் சொல்கின்றன. வன்னியின் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/1000 செக்கன் என்று வைத்தால், வெள்ளை வேட்டியின் மடிப்புகள்கூட அழியாமல் வரும். டிஜிட்டலில் வெளிறிப்போன வெள்ளையை மீட்க முடியாது. இருளை ஓரளவு மீட்கலாம். அதனால் டிஎன்ஜி (பதனிடாத மூலக் கோப்பு) வடிவில் எடுப்பதே புத்தி.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் போன்ற இரவு நிகழ்வுகளில் ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் தயங்காமல் ஏற்றலாம். பொங்கல் புகை, கற்பூரக் கரி, திருநீறு மூன்றும் லென்ஸின் முகத்தில் படியும் என்பதால், அங்கே லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள். இரவு மேடை நிகழ்ச்சிகளில் லேசர் ஒளி லென்ஸுக்குள் நேராக விழுந்தால், சென்சரில் நிரந்தரக் கோடுகளை ஏற்படுத்தி விடலாம்.

ஐந்தாவது: புழுதி, ஈரம், வெப்பம்

எம்10 கமரா மழைக்குத் தாங்கும்படி முற்றாக அடைக்கப்பட்ட கமரா அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டே வெளியே போக வேண்டும்.

செம்மண் புழுதியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. லென்ஸைச் சாரத்தின் நுனியால் துடைத்தால் அந்த மணலே கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் இறப்பர்ப் பந்துக் காற்றூதியால் ஊதி, பிறகு மென்மையான தூரிகையால் தட்டி, கடைசியாக மட்டுமே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தெரிந்த ஒரு தம்பி, சென்சரில் இருந்த புழுதியைப் போக்க ரயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரைப் பயன்படுத்தினார். அந்தக் காற்றோடு எண்ணெய்த் துளிகளும் தண்ணீரும் வந்து சென்சர் முழுவதும் படிந்தன. அதைக் கழுவி எடுக்க அவர் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. சென்சரில் புழுதி இருக்கிறதா என்று பார்க்க, அபேர்ச்சரை எஃப் 16 க்கு மூடி, வெள்ளைச் சுவரைக் குவியாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால், பற்றரி நிறைந்திருக்கும்போது மட்டும் மெனுவில் உள்ள சென்சர் சுத்திகரிப்பைத் தெரிவு செய்து, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, காற்றூதியின் முனை உள்ளே நுழையாதபடி ஊத வேண்டும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான மாரி மழையில் பூஞ்சணமே பெரிய எதிரி. தோல் உறைக்குள் கமராவை வைத்து அலுமாரியில் பூட்டுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதற்குச் சமம், ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தாச்சி ஒன்றில் மெல்லிய சூட்டில் நீலமாகும் வரைக்கும் சூடாக்கி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். நனைந்த கமராவை அரிசிக்குள் புதைக்க வேண்டாம்; அரிசித்தூசு உள்ளே போய்விடும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கும்போது, பையைத் திறக்காமல் கால் மணி நேரம் பொறுத்திருந்தால், கண்ணாடியில் நீர் பூக்காது. கடற்கரையிலிருந்து வந்த அன்றே, பிழிந்த ஈரத்துணியால் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். உப்பு ஓர் இரவைக்கூடக் காத்திருக்காது.

வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ கமராவை விட்டுச் செல்லக் கூடாது. பற்றரிக்கு வெப்பம் ஆகாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடுகளில் சார்ஜரைப் பாதுகாப்புப் பலகை வழியாகவே செருகுங்கள். இடி முழக்கம் கேட்டதும் கழற்றிவிடுங்கள். ஊதிப்போன பற்றரியை அழுத்திப் பொருத்த முயல வேண்டாம்.

ஆறாவது: தெருவும் தூரமானியும்

கிரவல் வீதியின் அதிர்வு தூரமானியின் சீரமைப்பை மெல்ல மெல்லக் குலைக்கும். மோட்டார் சைக்கிளில் போகும்போது பையைத் தாங்கிக் கம்பியில் கட்டாமல், உங்களுடைய உடலோடு குறுக்காக அணியுங்கள். உடலே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை வயல்வெளிக்குப் போய், ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பார்த்து, லென்ஸை முடிவிலிக்குறி வரைக்கும் திருப்புங்கள். இரண்டு கோபுரங்களும் மிகச் சரியாக ஒன்றாக வேண்டும். பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ விலகியிருந்தால், இணையத்தில் பார்த்துவிட்டு நீங்களே திருகாணியைத் திருப்பாமல், அனுபவமுள்ள திருத்துநரிடம் கொடுங்கள்.

ஏழாவது: படங்களைக் காப்பாற்றுதல்

மெமரி கார்டைக் கணினியில் அழிக்காமல், படங்களைப் பிரதி எடுத்த பின்னர் கமராவிலேயே ஃபோமற் செய்யுங்கள். பிரதி ஒன்று போதாது. 2009 இன் இடப்பெயர்வில் திருமண அல்பம் முதற்கொண்டு எல்லாவற்றையும் பதுங்குகுழியிலும் வழியிலும் விட்டுவந்த குடும்பங்கள் என்னுடைய ஸ்ரூடியோவுக்கு இன்றும் வருகின்றன. அடையாள அட்டையில் இருக்கும் மங்கிய சிறிய படத்தைக் காட்டி, இதைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அதனால் நான் ஒவ்வொரு வேலையையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை ஸ்ரூடியோவிலும் மற்றையதை வவுனியாவில் உள்ள அக்கா வீட்டிலும் வைக்கிறேன். இரண்டாவது பிரதி அக்காவின் கைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் கார்டை அழிப்பதில்லை.